வண்டி தண்ணீர் குடிக்கிறதா? பழைய கார் கேள்வி பதில்

மாருதி 800, ஜென், அம்பாசிடர் என்று பழைய வண்டிகளோடே பட்டறையில் காலம் தள்ளியவன் நான். கோடை தொடங்கினாலே இன்ஜின் சூடேறுகிறது, ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது என்று இந்தக் கேள்விகள்தான் வரும்.

அண்ணா, அப்பாவின் 1998 மாருதி 800. சிக்னலில் நின்றால் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறுகிறது, பைபாஸில் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள்.

அவசரப்படாதே தம்பி. ஓடும்போது காற்று தானாக அடிக்கிறது. நின்றால் ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை. இன்ஜினை ஐடிலில் விட்டு, முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் சுற்றுகிறதா என்று பார். சுற்றவில்லையா, மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக லைன் கொடு. சுற்றினால் மோட்டார் நல்லது. குறை ஃபியூஸிலோ ரிலேயிலோ சுவிட்சிலோ இருக்கும். ஊருக்குள் சமர்த்தாக ஓடிவிட்டு, பைபாஸில் எண்பதைத் தொட்டதும் சூடேறும் வண்டியில்தான் முதலில் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

சார், தரையில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் ரேடியேட்டரில் வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. எங்கே போகிறது?

இதுதான் ஆளை அலைக்கழிக்கிற கேஸ். முதலில் ரேடியேட்டர் மூடி. அதன் தலையில் 0.9 என்று பொறித்திருந்தால், உள்ளே 0.9 பார் அழுத்தம் பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடியில் 100 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். தரையில் தடயமே இருக்காது.

அடுத்து, முன் சீட்டுக்குக் கீழே மிதியடியைத் தூக்கிக் கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுவென்று ஈரம், உள்ளே இனிப்பான வாடை, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் என்றால் ஹீட்டர் காயில் ஒழுகுகிறது.

இரண்டும் இல்லையென்றால் தண்ணீரை இன்ஜினே குடிக்கிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைத்தான், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகட்டைத்தான், சந்தேகப்பட வேண்டும். ஒருமுறை ஒரு ஜென் வந்தது. அதற்குள் ரேடியேட்டர், பம்ப், ஹோஸ் எல்லாம் மாற்றியாகிவிட்டது. நான் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தேன். மூன்று பழுப்பு, ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று இருந்தது. அந்த சிலிண்டரில்தான் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேஸிங் அடித்து (அடிப்பக்கத்தைச் சமமாக்கி), புது கேஸ்கெட் போட்டதும் சரியாகிவிட்டது. இன்னொன்று, மழைக்காலத்தில் ஆயில் மூடியின் உள்பக்கம் லேசாக வெண்மை படிவது வெறும் ஈரமாகவும் இருக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கிலும் பால் கலந்த டீ நிறம் வந்தால்தான் கவலைப்படுங்கள்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைபடுமாமே?

அடைபடும். நடுவழியில் நின்றால் நானே போடுவேன். ஆனால் ஓட்டை எது, குழாய் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. வீடு சேர்ந்ததும் கழுவி எடுத்துவிட்டு ஒழுகலைப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று மெக்கானிக் கழற்றிவிட்டார். சரியா?

எனக்கு எரிச்சல் தரும் வேலை இது. இன்ஜின் சூடான பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாக இழுக்கும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் ஏறும். பழையது கெட்டதா என்று பார்க்க அடுப்படி போதும். நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் அடியில் படாமல் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். 82 (டிகிரி) என்று பொறித்திருந்தால், தண்ணீரில் சிறு குமிழிகள் எழும்பி ஆவி பறக்கும் நேரத்தில் வாய் திறக்கத் தொடங்கும். கொதித்தும் திறக்கவில்லையென்றால் தூக்கிப் போடலாம். (வீட்டில் திட்டு வாங்காமலிருக்கப் பழைய பாத்திரமாக எடுங்கள்.)

ஐயா, ஏற்காடு ஏறும்போது அம்பாசிடர் பொங்கிவிட்டது. உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். தப்பா?

தப்புதான். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் ஹெட் விரிசல் விடலாம். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, பிறகு மூடியில் துணி போட்டு மெதுவாகத் திருப்ப வேண்டும். இருபது கொண்டை ஊசியும் சின்ன கியரில் ஏறுகிற வண்டிக்கு ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தால் போதும், பொங்கிவிடும். உங்கள் பழைய பெட்ரோல் வண்டியில் ஃபேனையும் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பையும் ஒரே பெல்ட்தானே சுற்றுகிறது. கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. பம்ப்புக்கு அடியில் உள்ள சின்ன ஓட்டையில் கசிவுக் கறை இருந்தால் பம்ப் சீல் போய்விட்டது.

போர் தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம். உப்பு படிந்து குழாய் அடைபடும். பாதிக்குப் பாதி கூலன்ட்டும் (ரேடியேட்டரில் ஊற்றும் நிறத் திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் போதும். பச்சைக் கூலன்ட்டையும் சிவப்புக் கூலன்ட்டையும் கலக்காதீர்கள்.

கீழே சொட்டுவது ஏசி தண்ணீரா, கூலன்ட்டா?

ராத்திரி ஒரு அட்டையை அடியில் விரித்து வையுங்கள். ஏசி நீர் காய்ந்தால் கறை இருக்காது. கூலன்ட் நிறமும் வழுவழுப்புமாகத் தங்கும். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், விஷம். இனிப்புக்குத் தெரு நாய் வந்து நக்கும். அதனால் காலையில் முதல் வேலையாக அந்த இடத்தைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள்.