சின்னாற்றுச் சாலை: வண்டிக்கும் வழி, யானைக்கும் வழி

மறையூரிலிருந்து சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கும் சாலையைப் பற்றியும் அதை ஒட்டிய குடிகளுக்கு (பழங்குடி ஊர்களுக்கு) போகும் பாதைகளைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் குடிக்குப் போகும் மண்சாலையில் ஓடை ஒன்று குறுக்கிடுகிறது. 60 செ.மீ. ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) நான்கு போட்டு மேலே கான்கிரீட் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மழை தாங்கியது. மூன்றாவது மழையில் கான்கிரீட் அப்படியே நிற்க, இரு கரையிலும் மண் அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஜீப் ஏற வழியில்லை. திரும்பவும் கட்டும்போது என்ன கேட்டு வாங்க வேண்டும்?
— மறையூர்ப் பக்கத்து வாசகர்

கான்கிரீட் நின்று கரை போனதென்றால் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, குழாய் அடைத்துக்கொண்டது. காட்டோடையில் வெள்ளத்தோடு மூங்கில் கழியும் உண்ணிச்செடித் தூரும் மரக்கிளையும் சேர்ந்து வரும். 60 செ.மீ. வாயில் ஒரு கிளை குறுக்கே மாட்டினால் போதும், பின்னால் வரும் சருகெல்லாம் அதில் படிந்து அரை மணி நேரத்தில் அணை கட்டியது போலாகிவிடும். 1 மீட்டர் குழாய் ஒன்றின் வாய், 60 செ.மீ. குழாயைப் போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. எனவே நான்கு சின்னக் குழாய்க்குப் பதில் மூன்று 1 மீட்டர் குழாய் கேளுங்கள். நிதி இருந்தால் குழாயே வேண்டாம்; 3 மீட்டர் திறப்பு விட்ட கான்கிரீட் பலகைப் பாலம்தான் இந்த மாதிரி ஓடைக்கு ஏற்றது. குழாய்தான் போடுகிறார்கள் என்றால் அதன் முதுகின் மேல் குறைந்தது 60 செ.மீ. மண் இருக்க வேண்டும். அந்த உயரம் கிடைக்காத இடத்தில் குழாயைச் சுற்றிலும் கான்கிரீட் கட்ட வேண்டும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. தரைப்பாலத்தின் மேல்மட்டம் எப்படி அமைந்திருக்கிறது? நடு மேடாகவும் இரு முனையும் தாழ்வாகவும் இருந்தால், வழிந்து ஏறும் தண்ணீர் முனைகளைத் தேடிப்போய் மண்ணை அறுக்கும். நடுவில் பள்ளமாக, இரு முனையும் 30 முதல் 45 செ.மீ. உயர்ந்து, தட்டு மாதிரி குழிவாக இருக்க வேண்டும். வெள்ளம் வந்தாலும் கான்கிரீட்டின் நடுவாக ஏறி இறங்கிப் போய்விடும்.

கீழ்ப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பாலத்தைத் தாண்டி விழும் தண்ணீர் அங்கே குழி பறிக்கும். அந்தக் குழி பின்னோக்கி வந்து அடித்தளத்துக்குக் கீழே புகுந்ததும் குழாய் இணைப்புகள் விலகும், கான்கிரீட் தொங்கி உடையும். பாறை தட்டும் வரை, பாறை இல்லையேல் 1.5 மீட்டர் ஆழத்துக்கு, அந்த அரிப்பைத் தடுக்க மண்ணுக்குள் இறங்கும் ஒரு வெட்டுச்சுவர் வேண்டும். அதற்கு அப்பால் 3 மீட்டர் நீளத்துக்குக் கம்பிவலைப் பெட்டியில் கல் அடுக்கு. கல் 15 முதல் 25 செ.மீ. வரை இருக்கட்டும், வலைக்கண்ணை விடச் சிறிய கல் முதல் வெள்ளத்திலேயே நழுவிப் போய்விடும். கைப்பிடிச் சுவர் கட்டித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது சருகை மறித்து இன்னொரு அணையாகிவிடும். இரு ஓரத்திலும் 1.5 மீட்டருக்கு ஒன்றாக வழிகாட்டிக் கல் போதும். அதில் 15 செ.மீ.க்கு ஒரு கோடு வரைந்து, 30 செ.மீ.யில் சிவப்பு அடியுங்கள். ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே சாதாரண காரின் அடியைத் தொட்டுவிடும். 30 செ.மீ.யில் பல கார்கள் மிதக்கும், 60 செ.மீ. ஓட்டம் ஜீப்பையும் இழுத்துக்கொண்டு போகும். சிவப்புக் கோடு மறைந்தால் யாரும் இறங்கக் கூடாது.

இந்த மலையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. சின்னாறு மழை மறைவுப் பகுதி. இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனால் கிழக்கு நோக்கி ஓடும் பாம்பாறு ஆனமுடிப் பக்கத்து மலைகளிலிருந்து வருவதால், ஆனி, ஆடியில் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு செம்மண் நிறத்தில் ஏறும். தண்ணீர் கலங்கி, பச்சை இலையும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே வெள்ளம் புறப்பட்டுவிட்டது என்று பொருள்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), குடிகளுக்கான சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகளுக்கு ஓர் இடத்தில் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தர இடம் கொடுக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். தீர்மானத்தில் 'பாலம் வேண்டும்' என்று ஒற்றை வரி எழுதி முடிக்காமல், ஓடையின் அகலம், வெள்ளம் ஏறிய தடத்தின் உயரம், எத்தனை நாள் வழி அடைபட்டது என்பதையெல்லாம் எழுதி, அளவுகோலை நிறுத்தி எடுத்த படத்தையும் இணையுங்கள். பாலத்தின் அளவைத் தீர்மானிக்க அதிகாரிக்குத் தேவை அந்த வெள்ளத்தடம்தான்.

கேள்வி: அந்தி நேரத்தில் உடுமலைப் பக்கம் பைக்கில் வரும்போது வளைவு திரும்பினால் காட்டுமாடு நிற்கிறது. சாலையை அகலப்படுத்தினால் சரியாகுமா?
— உடுமலை வாசகர்

சரியாகாது. அகலம் கூடினால் வேகம் கூடும், விபத்தும் கூடும். கணக்கைப் பாருங்கள்: மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வண்டியை நிறுத்த 30 மீட்டர் வேண்டும் என்று சாலைப் பொறியியல் அளவு சொல்கிறது. 40-இல் 45 மீட்டர், 60-இல் 80 மீட்டர். தாழ்த்திய முகப்பு விளக்கு தெளிவாகக் காட்டுவது சுமார் 40 மீட்டர்தான். புதர் மூடிய வளைவில் அதுவும் கிடையாது, 20 மீட்டர் தெரிந்தால் அதிகம். அந்த இடத்தில் 30 கி.மீ.யே வேகம்தான்.

செய்ய வேண்டியது வளைவின் உள்பக்கத்தில் 3 முதல் 4 மீட்டர் வரை பார்வையைத் திறப்பது. வனத்துறை செய்ய வேண்டிய வேலை இது, நாமாகக் கத்தியை எடுக்க முடியாது. உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒரே மழையில் இரட்டிப்பாகத் துளிர்க்கும். தூரை மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ.யில் வெட்டி எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும், அதுவும் காய் பிடிக்கும் முன். இதில் ஒரு சிக்கலும் உண்டு. வெட்டிய இடத்தில் வரும் இளம்புல் புள்ளிமானையும் காட்டுமாட்டையும் ரோட்டோரத்துக்கே இழுக்கும். அதனால் மழைக்கு முன் சாலை முழுக்கச் சுத்தம் செய்வதை விட, பார்வை மறைக்கும் வளைவுகளை மட்டும் வறட்சி தொடங்கும்போது செய்வதுதான் எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

வேகத்தடையை விலங்கு கடக்கும் இடத்தில் போடாமல் அதற்கு முன்பே போட வேண்டும். 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம் என்ற முறையான அளவில் இருந்தால் 25 கி.மீ. வேகத்தில் வண்டி குலுங்காமல் ஏறி இறங்கும். ஒரு கூடைத் தாரைக் கொட்டிய மாதிரியான குறுகிய மேடுகள் பைக்கைத்தான் கவிழ்க்கும். போக்குவரத்து மிகுந்த சாலையில் நேரக் கட்டுப்பாடும் பலன் தரும். சத்தியமங்கலம் காட்டின் பண்ணாரி–திம்பம் சாலையில் 2022 முதல் கனரக வண்டிகளுக்கு மாலை 6 மணியிலிருந்தும் மற்ற வண்டிகளுக்கு இரவு 9 மணியிலிருந்தும் காலை 6 மணி வரை தடை உண்டு.

கேள்வி: ஜீப்பில் வரும் விருந்தினர்கள் யானையைக் கண்டதும் நிறுத்தச் சொல்கிறார்கள். நின்று பார்க்க இடம் அமைப்பதென்றால் எங்கே அமைக்கலாம்?
— காந்தலூர் ஓட்டுநர்

யானை ஆற்றுக்கு இறங்கும் தடத்தின் வாயில் கூடவே கூடாது. அதற்கு இரு பக்கமும் குறைந்தது 100 மீட்டர் தள்ளிப் போங்கள். மண்சரிவில் வழவழப்பாகத் தேய்ந்த இறக்கம், மரத்தண்டில் ஆள் உயரத்துக்கு மேல் உரசிய சேறு, பிண்டக் (யானை லத்தி) குவியல் இவையெல்லாம் தடத்தின் அடையாளம். நிற்குமிடம் இரு திசையிலும் 60 மீட்டர் பார்வை கிடைக்கும் நேர்ச்சாலையில், 3 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம் இருந்தால் நான்கைந்து வண்டி ஒதுங்கும். ஆற்றுப்பக்கமே அமைத்தால் ஆட்கள் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. கடையும் குப்பைத்தொட்டியும் அங்கே வேண்டாம். குரங்கு முதலில் வரும், அப்புறம் யானையும் வாசனை பிடித்து வரும்.

வண்டியில் இருந்தபடி பார்க்கும்போது 50 மீட்டர் இடைவெளி குறைந்தபட்சம், குட்டி இருந்தால் 100. முன்னால் நிற்கும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு வண்டி நீளம் விடுங்கள். பின்னெடுக்க இடம் இல்லாமல் மாட்டிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. எஞ்சினை அணைக்க வேண்டாம், ஹாரன் அடிக்க வேண்டாம், விளக்கைத் தாழ்த்துங்கள். காதை விரித்துத் தலையைத் தூக்கி, மண்ணை வாரி இறைத்தால் அது எச்சரிக்கை, அப்போதே மெல்லப் பின்வாங்கிவிட வேண்டும். தும்பிக்கையைச் சுருட்டி உள்ளே இழுத்து, காதை ஒட்டி வைத்துக்கொண்டு வந்தால் விளையாட்டு இல்லை. கூட்டம் கடந்ததும் வண்டியைக் கிளப்பாதீர்கள். பின்தங்கிய ஒன்று புதருக்குள் நிற்பது வழக்கம், 5 நிமிடம் பொறுங்கள்.

கேள்வி: ஆற்றுப்பக்கம் நெடுகத் தடுப்புச்சுவர் கட்டினால் வண்டிகள் விழாது அல்லவா?
— மூணாறு வாசகர்

ஆபத்தான வளைவுகளுக்கு மட்டும் கட்டலாம். நெடுகக் கட்டினால் யானை தண்ணீருக்கு இறங்க முடியாமல் சாலையிலேயே சுவரை ஒட்டி நடக்கும். எதிரே வரும் வண்டிக்கும் அதற்கும் ஒதுங்க இடம் இருக்காது. தடம் உள்ள இடங்களில் அகலமான இடைவெளி விட்டு, அங்கே மண்சரிவை மெல்லிய சாய்வாக அமையுங்கள். புதிய நெடுஞ்சாலை என்றால் விலங்குகளுக்குக் கீழ்வழி கட்டலாம்: மத்தியப் பிரதேச–மகாராஷ்டிர எல்லையிலுள்ள பெஞ்ச் காட்டில் தேசிய நெடுஞ்சாலை 44-இல் 9 இடங்களில் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். பழைய மலைச்சாலைக்கு அது பொருந்தாது.

கேள்வி: சின்னாறும் பாம்பாறும் சேரும் கூட்டாற்றுப் பக்கம் முதலை உண்டா? குளிக்கலாமா?
— பொள்ளாச்சி வாசகர்

அமராவதி நீர்த்தேக்கத்தில் சதுப்புநில முதலைகள் பெருகி வாழ்கின்றன; அவை சின்னாறு, பாம்பாறு மடுக்களுக்கும் ஏறி வரும். ஆழமான, அசையாத மடுவின் ஓரத்தில் குளிக்காதீர்கள், குந்தி உட்கார்ந்து பாத்திரம் கழுவாதீர்கள். கரையிலிருந்து 5 மீட்டர் தள்ளி, பாறை மேல் நின்று பாருங்கள். மணலில் வயிறு இழுத்த தடம் தெரிந்தால் அந்த மடுவை விட்டுவிடுங்கள். குழந்தைகளைத் தண்ணீர் விளிம்பில் தனியே விடவே விடாதீர்கள்.