ரவிக்கையும் தராசும்: ஞாயிறு கேள்வி பதில்

காட்பாடியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகள்.

குடியாத்தம்: பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 26. மூன்று மாதத்தில் கல்யாணம். ரவிக்கை பத்தவில்லை. பத்து கிலோ குறைய சார்ட் தாருங்கள் மேடம்.

தரமாட்டேன் தங்கச்சி. ரவிக்கையைப் பிரித்துத் தைக்கலாம், டெய்லர் உள்ளே துணி விடுவதே அதற்குத்தான். பி.எம்.ஐ. கணக்கு 1830களில் பெல்ஜியத்துக்காரர் கெட்லே மக்கள் கூட்டத்தின் சராசரியை அறியப் போட்டது. அதற்கு இந்தப் பெயரை 1972இல் வைத்தவர் ஆன்செல் கீஸ். அதே கீஸ் 1944-45இல் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் பாதிச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சிலர் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். முடிந்த பிறகும் சிலருக்கு எவ்வளவு தின்றாலும் அடங்கவில்லை. டயட் முடிந்த வாரம் நீங்கள் பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்தால் அது பலவீனம் இல்லை, பசி.

வாணியம்பாடி: ஆம்பூர் பிரியாணி சாப்பிடலாமா?

தாராளமாக. கத்திரிக்காயை ஒதுக்காதீர்கள்.

ஆரணி: உடம்பை ஏற்றுக்கொள் என்று சொல்லிச் சொல்லியே ஊருக்கு சர்க்கரை ஏற்றுகிறீர்கள்.

சண்டைக்கே வந்துவிட்டீர்கள், சரி. போன மாதம் ஒரு அக்கா வந்தார். தராசில் ஏறுமுன் செருப்பு, வளையல், இடுப்புச் சாவிக்கொத்து எல்லாம் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "குண்டு" என்ற பேச்சுக்குப் பயந்து இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லையாம். சர்க்கரை ஏறியிருந்ததே தெரியவில்லை. வெட்கம் செய்த வேலை இது. அன்றே தராசை மேஜைக்கடியில் தள்ளிவிட்டேன். ஒல்லியானவருக்கும் சர்க்கரை வரும். நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இடுப்புச் சுற்றளவு (பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 செ.மீ. தாண்டினால் பரிசோதனை), மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c ரத்தப் பரிசோதனை), தூக்கம். சாப்பிட்டபின் கொஞ்சம் நடந்தால், ஒரு கிராம் எடை குறையாவிட்டாலும் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

ஆரணி, மறுபடி: அப்போ எடையே பார்க்க வேண்டாமா?

காரணமில்லாமல் இறங்கினால் பாருங்கள். சந்தோஷப்படாமல் டாக்டரிடம் போங்கள்.

ராணிப்பேட்டை: சர்க்கரை மாத்திரை போடுகிறேன். 16 மணி நேரப் பட்டினி இருக்கலாமா?

எத்தனை தடவை எழுதுவது! கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை தடாலென்று விழும். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

காட்பாடி: பத்து கிலோ குறைய எத்தனை நாள்?

முதல் பதில்.

வேலூர்: கோட்டையைச் சுற்றி நடக்க ஆசை. பசங்க சிரிக்கிறார்கள்.

காலை ஐந்தரைக்கு வாருங்கள், வெயிலும் இருக்காது, அவர்களும் எழுந்திருக்க மாட்டார்கள். அகழி ஓரமாகப் பச்சைச் சுடிதாரில் ஒரு குண்டு அம்மா நடப்பார். நான்தான்.