சிவந்ததெல்லாம் ஸ்னப்பரா?

போன இதழில் மீன் வாங்குவது பற்றி இரண்டே வரிதான் எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி ஸ்னப்பர் என்ற கடல் மீனைப் பற்றி. சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி: சந்தையில் ‘ரெட் ஸ்னப்பர்’ என்று சொல்லித் தந்தார்கள். வீட்டில் மாமி பார்த்துவிட்டு, இது விளைமீன், உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, வெள்ளவத்தை)

மாமி சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் நீங்களே பார்க்கலாம். மீனின் கன்னத்தைத் தடவுங்கள். கண்ணுக்குக் கீழே, வாய்க்கும் பூ மூடிக்கும் (செவுள் மூடி) நடுவில் உள்ள இடம்தான் கன்னம். ஸ்னப்பருக்கு அங்கே செதில் உண்டு, விரலில் சொரசொரவென்று படும். விளைமீனுக்குக் கன்னம் வழவழவென்று இருக்கும். ஸ்னப்பருக்கு வாயின் முன்பக்கத்தில் நாய்ப்பல் மாதிரிக் கூரான பற்கள் இருக்கும். லபக்கென்று கவ்வுகிற அந்த வாய்க்காகத்தான் ஆங்கிலத்தில் அப்படிப் பெயர் வைத்தார்கள்.

சிவப்புத் திலாப்பியாவைத் தலையில் கட்டப் பார்த்தால் பிடிப்பது இன்னும் சுலபம். பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஓடும் கோட்டைப் பாருங்கள். ஸ்னப்பரில் அது ஒரே கோடு, திலாப்பியாவில் நடுவில் அறுந்து இரண்டு துண்டாக இருக்கும். மூக்குத் துளையும் திலாப்பியாவுக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான், ஸ்னப்பருக்கு இரண்டு.

இந்தச் சோதனை எல்லாம் முழு மீனுக்குத்தான். தலையும் தோலும் எடுத்த துண்டை ஸ்னப்பர் விலைக்கு நான் வாங்கவே மாட்டேன், அது எதுவாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் மெக்சிக்கோ வளைகுடாப் பக்கம் பிடிபடும் ஒரே ஒரு இனத்துக்குத்தான் ‘ரெட் ஸ்னப்பர்’ என்று பெயர் போட்டு விற்க அனுமதி. நம் ஊரில் ‘தம்பலயா’ என்ற ஒரு சிங்களப் பெயருக்குள்ளேயே பல இனங்களைப் போட்டு விற்கிறார்கள். மற்றபடி விளைமீன் ஒன்றும் மட்டமில்லை. மாமியிடம் சொதி வைக்கச் சொல்லுங்கள், பிரச்சினை அதோடு முடியும்.

கேள்வி: மெல்பேர்னில் இருக்கும் அக்கா, அங்கேயும் ஸ்னப்பர் கிடைக்கிறது என்கிறாள். இதே மீனா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

இல்லை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஸ்னப்பர் என்று விற்பது வேறு குடும்பத்து மீன். பெயர் மட்டும்தான் ஒன்று. ருசியான மீன், அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: நண்பருடன் படகில் போய்க் கைத்தூண்டில் போட்டோம். ஆழத்திலிருந்து வந்த சிவப்பு மீனின் வாயில் பலூன் மாதிரி ஏதோ பிதுங்கியிருந்தது, கண்ணும் வெளியே தள்ளியிருந்தது. வியாதியா? சாப்பிடலாமா? (வாசகர், முகத்துவாரம்)

தாராளமாகச் சாப்பிடலாம், அது வியாதி இல்லை. அந்தப் பலூன் மீனின் இரைப்பை. ஸ்னப்பரின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. அதிலிருந்து வாய்க்கு வழி கிடையாது, காற்றை நினைத்தவுடன் வெளியே விட மீனால் முடியாது. 30 மீற்றர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் நாலு மடங்கு. அங்கிருந்து மளமளவென்று இழுத்தால் பையிலுள்ள காற்று நாலு மடங்காக விரிந்து, இடம் போதாமல் இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளிவிடும்.

சின்ன மீன் என்று இரக்கப்பட்டுத் திரும்பக் கடலில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். சும்மா போட்டால் அது கீழே போக முடியாமல் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும், பருந்துக்குத்தான் ஆகும். அந்தப் ‘பலூனை’க் குத்துவதும் தவறு, நீங்கள் குத்துவது இரைப்பையை. கயிற்றில் ஒரு பாரம் கட்டி மீனைக் கீழே இறக்கி விட்டால் அழுத்தம் கூடக் கூடக் காற்று சுருங்கி, பிழைக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: பெரிய ஸ்னப்பர் தலையில் விஷம் இருக்கும் என்கிறார்களே? (வாசகி, பம்பலப்பிட்டி)

எல்லா ஸ்னப்பரிலும் இல்லை, ஆனால் வெறும் கதையும் இல்லை. முருகைக்கற்பாறையில் பாசியோடு வாழும் ஒரு நுண்ணுயிர் நஞ்சை உண்டாக்குகிறது. பாசி மேயும் சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அந்த நஞ்சு சேர்ந்துகொண்டே போகும். சிகுவாட்டெரா என்று பெயர். சமைத்தாலும் போகாது, ஃப்றீசரில் வைத்தாலும் போகாது, மணத்திலும் தெரியாது. சாப்பிட்டவருக்கு வாந்தி, வயிற்றோட்டம், உதடு விறைப்பு வரும். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுகிற மாதிரி இருக்கும், அது வந்தால் உடனே டொக்டரிடம் ஓட வேண்டும். இதில் அதிகம் பெயர் கெட்டது, குஞ்சாக இருக்கும்போது முதுகில் இரண்டு வெள்ளைப் புள்ளி தெரியும் ஸ்னப்பர் இனம். முருகைக்கற்பாறைப் பக்கம் பிடித்த மிகப் பெரிய மீனின் தலை, ஈரல், சினை மூன்றையும் நான் தவிர்ப்பேன். நடுத்தர அளவு மீனின் தலையை விடமாட்டேன்.

கேள்வி: சிலாபம் பக்கம் மைத்துனரின் பழைய இறால் குளம் சும்மா கிடக்கிறது. ஸ்னப்பர் வளர்க்கலாமா? (வாசகர், தெமட்டகொடை)

1990களில் இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து கைவிடப்பட்ட குளங்கள் அந்தப் பக்கம் நிறைய, அதில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். மீனைப் பொறுத்தவரை இடம் தோதுதான். கண்டல் ஸ்னப்பர் குஞ்சிலே களப்பிலும் ஆற்று முகத்திலும் வளர்ந்து, பெரிதான பிறகே கடலுக்குப் போகும், உப்புக் குறைந்த தண்ணீர் அதற்குப் பழக்கம். மலேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் பக்கம் வளர்க்கிறார்கள்.

ஆனால் குஞ்சுக்கு எங்கே போவீர்கள்? முட்டை பொரித்து வரும் இளங்குஞ்சுக்கு வாய் ஊசி முனை அளவு, கண்ணுக்குத் தெரியாத உயிரிகளைத் தனியாக வளர்த்து ஊட்ட வேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் பெரியது சின்னதைப் பிடித்து விழுங்கும், அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். களப்பிலிருந்து குஞ்சு அள்ளிக்கொண்டு வந்து விடுவது எனக்குப் பிடிக்காத வேலை, ஒரு முறையும் முட்டையிடாத மீன்கள் அவை. தீனிக்கு மீனே வேண்டும், ஒரு கிலோ ஸ்னப்பருக்குப் பல கிலோ கழிவு மீன் போகும். விற்கிற அளவுக்கு வர ஒரு வருடமாவது ஆகும். இதெல்லாம் தாண்டி வளர்த்தாலும், இறால் போன்ற தீனியிலிருந்து கிடைக்கும் நிறமிதான் அந்தச் சிவப்பைத் தருகிறது. அது குறைந்தால், ஆழமில்லாத குளத்து வெயிலும் சேர்ந்து மீன் கறுத்துப் போகும், சந்தையில் யாரும் ஸ்னப்பர் என்று நம்ப மாட்டார்கள்!

கொடுவா வளர்ப்பதென்றால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். எதுவானாலும் மைத்துனரைக் காசு போடும் முன் பத்தரமுல்லையில் ‘நக்டா’வுக்கு (நீருயிர் வளர்ப்பைக் கவனிக்கும் அரச அதிகாரசபை) போய், அனுமதிப்பத்திரத்துக்கு என்ன வேண்டும், குஞ்சு எங்கே கிடைக்கும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்னப்பரும் ஆணிலிருந்து பெண்ணாக மாறுமா? (மாணவன், மட்டக்குளி)

மாறாது தம்பி. கொடுவா ஆணாகத் தொடங்கிப் பெண்ணாகும், கலவாய் பெண்ணாகத் தொடங்கி ஆணாகும். ஸ்னப்பர் பிறந்தபடியே இருக்கும்.