எக்ஸ்ரேயா, ரேடியோதெரபியா: லண்டன் வந்த திருகோணமலைத் தங்கச்சிக்கு

தங்கச்சி, பேராதனையில ரேடியோகிராபி முடிச்சு, திருகோணமலை ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேயும் சிடி ஸ்கானும் எடுத்துக்கொண்டிருந்த நீங்கள், இப்ப கணவரோட லண்டன் வந்திருக்கிறீங்கள். அதே வேலையைத் தொடருறதா, புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை குடுக்கிற ரேடியோதெரபிக்கு மாறுறதா எண்டு கேட்டிருக்கிறீங்கள். "கதிருக்குள்ள நிண்டால் வயித்தில பிள்ளை தங்காது" எண்டு அம்மா வேற பயப்படுறாவாம். நானும் திருகோணமலை உவர்மலைப் பிள்ளைதான். கனகாலமா இங்க ரேடியோதெரபியில வேலை செய்யிறன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

முதலில பதிவு. சுகாதாரத் தொழில் செய்யிறவையைப் பதியிற எச்சிபிசி எண்ட சபையில பதியாமல் ரேடியோகிராபர் எண்டு பேர் போட இங்க சட்டம் விடாது. படம் எடுக்கிறவைக்கு ஒரு பிரிவு, கதிர்ச் சிகிச்சை குடுக்கிறவைக்கு வேற பிரிவு. உங்கட அனுபவத்துக்கு முதல் பிரிவிலதான் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் எடுத்தால் மொத்தம் 7 வேணும், ஒரு பகுதியும் 6.5க்குக் கீழ போகக்கூடாது. ரேடியோதெரபிக்கு மாற ரெண்டு வருச முதுகலைப் படிப்பு இருக்கு. ஆனால் கணவரோட சேர்ந்து வந்த டிபெண்டன்ட் விசாவோட போனால் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம்தான் கேப்பினம். கடன்பட்டுப் போகவேண்டாம். எக்ஸ்ரே பக்கம் பதிஞ்சு வேலையில இருந்துகொண்டு யோசியுங்கோ.

ஆனால் எது உங்களுக்கு எண்டு தீர்மானிக்கிறது விசாவும் காசும் மட்டுமில்லை. ஒரு நோயாளியோட எவ்வளவு காலம் நிக்க உங்கட மனம் விரும்புது எண்டு பாருங்கோ. படம் எடுக்கிற பக்கம் ஒருத்தரோட பத்துப் பதினைஞ்சு நிமிசம்தான். இரவு ஷிப்ட் வரும். விபத்தில அடிபட்டவர், மூச்சு முட்டி வந்தவர் எண்டு ஒரே ஓட்டம். பிறகு அவருக்கு என்ன நடந்தது எண்டு கனவேளை தெரியவே வராது. சுறுசுறுப்பான ஆளுக்கு நல்ல வேலை. எம்ஆர்ஐ, மார்பைப் படம் எடுக்கிற மாமோகிராபி எண்டு மேல போகவும் வழி இருக்கு.

எங்கட பக்கம் அநேகமாப் பகல் வேலை, கிழமை நாள். அதே முகம் திரும்பத் திரும்ப வரும். மார்புப் புற்றுநோய்க்கு முந்தி மூண்டு கிழமை குடுத்தது, 2020இல வந்த ஆய்வுக்குப் பிறகு கனபேருக்கு அஞ்சு நாளில முடியுது. தலை, கழுத்துப் பக்கம் எண்டால் ஆறு கிழமை. அதுக்கு ஒரு முகமூடி செய்வம். சுடுதண்ணித் தொட்டியில பிளாஸ்டிக் தகட்டை இளக்கி, முகத்தில இழுத்து விரிச்சு, விளிம்பைக் கட்டிலோட பூட்டிவிடுவம். கொஞ்ச நேரத்தில மூக்கும் நாடியும் பதிஞ்சு இறுகிவிடும். ஓட்டைகளால மூச்சு விடலாம், தலையை அசைக்க ஏலாது. முதல் நாள் கனபேருக்குக் கை நடுங்கும். அஞ்சாம் கிழமை தொண்டை புண்ணாகி எச்சில் விழுங்கவே ஏலாமல் வருவினம். நேற்று நிண்ட ஆள் இண்டைக்கும் நிண்டால் அவைக்கு எவ்வளவு தெம்பு தெரியுமோ! எல்லாருக்கும் இது ஒத்துவராது. நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகளே தாங்கேலாமல் விட்டிட்டுப் போயிருக்கினம்.

ஊரில ஆருக்கும் வருத்தம் எண்டால் இரவு பஸ்ஸில மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளவத்தையில சொந்தக்காரர் வீட்டில தங்கி நிண்டு கரண்ட் (கதிர்ச் சிகிச்சையை அப்பிடித்தான் சொல்லுவினம்) பிடிச்சது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்தத் தலைமுறைதான் இங்கயும் பயந்து பயந்து வருது. எந்தப் பக்கம் போனாலும் உங்கட தமிழ் அவைக்கு உதவும். நெஞ்சுப் படம் எடுக்க ஒரு அம்மாவிட்டத் தாலிக்கொடியைக் கழட்டச் சொல்லிப் பாருங்கோ, முகம் அப்பிடியே மாறிவிடும். "ஐயாவின்ர கையில குடுத்து வையுங்கோ அம்மா, ரெண்டு நிமிசத்தில திரும்பப் போடலாம்" எண்டால் உடன கழட்டித் தருவா. சம்மதக் கையெழுத்து, சிகிச்சை விளக்கம் இதுகளுக்கு மட்டும் ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கோ. அதை நீங்கள் உங்கட தலையில போடக்கூடாது.

அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கோ. மெசின் ஓடேக்க நாங்கள் அறைக்குள்ள நிக்கிறதில்லை. தடிச்ச கொங்கிரீட் சுவருக்கு வெளியில இருந்து கமராவில பாக்கிறம். எக்ஸ்ரே பக்கம் ஈயத் தடுப்புக்குப் பின்னால நிப்பீங்கள். உடம்பில படுற கதிரை மில்லிசீவர்ட் எண்ட அளவில கணக்குப் பாப்பினம்; வேலை செய்யிறவருக்கு வருசத்துக்கு 20 மில்லிசீவர்ட்தான் சட்ட எல்லை. கர்ப்பம் எண்டு எழுத்தில அறிவிச்ச நாளில இருந்து பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல போகாமல் வேலையை மாத்தித் தரவேணும். என்னோட வேலை செய்யிற எத்தினையோ பேர் பிள்ளை பெத்துத் திரும்ப வந்திருக்கினம்.

பதிவு வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் சும்மா இருக்காதேங்கோ. இங்கத்தைய அரச சுகாதார சேவையான என்எச்எஸ்ஸின்ர ஜொப்ஸ் தளத்தில இமேஜிங் அசிஸ்டன்ட் (படம் எடுக்கிற பிரிவில உதவியாளர்) வேலை தேடுங்கோ, அதுக்குப் பதிவு தேவையில்லை. இங்கத்தைய ஆஸ்பத்திரி நடைமுறை பிடிபடும், ரெபரன்ஸும் கிடைக்கும். பேராதனைப் பாடத்திட்டம், எந்தப் பிரிவில எத்தினை மணித்தியாலப் பயிற்சி எண்ட விபரம், திருகோணமலை ஆஸ்பத்திரிச் சேவைக் கடிதம் மூண்டையும் இப்பவே எடுப்பியுங்கோ. மின்னஞ்சலை நம்பி இருக்காமல் தம்பியையோ அண்ணாவையோ கண்டிப் பக்கம் பேராதனைக்கும் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கும் நேர அனுப்புங்கோ. ஐஇஎல்டிஎஸ் எழுத்துப் பகுதிக்கு உதவி வேணுமெண்டால் சனிக்கிழமைகளில நான் வீட்டிலதான், எடுத்துப் பேசுங்கோ.