எந்த இயந்திரம் என்று முதலில் கேளுங்கள்: மின்காந்தப் புல சிகிச்சை பற்றிய கேள்வி-பதில்

வாசகர், காசிமேடு: விசைப்படகில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பத்து மாதமாகியும் கூடவில்லை. மின்காந்த சிகிச்சை பயன்படுமா?

பயன்பட வாய்ப்புண்டு. ஒன்பது மாதங்கள் கடந்து, அவற்றில் கடைசி மூன்று மாத எக்ஸ்ரேக்களில் எந்த முன்னேற்றமும் தெரியாத முறிவையே கூடாத முறிவு என்கிறோம். சுருளில் விட்டுவிட்டுப் பாயும் மின்னோட்டம் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, அது எலும்புக்குள் மிக நுண்ணிய மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இத்தகைய முறிவுகளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1979-லேயே இம்முறைக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் முறிந்த முனைகளுக்கிடையே எலும்பின் பாதி அகலத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, அந்த இடம் ஆடிக்கொண்டிருந்தாலோ அறுவை சிகிச்சைதான் வழி. இடைவெளி எவ்வளவு, புகைப்பழக்கம் உண்டா என்ற இரண்டையும் நீங்கள் எழுதவில்லை. எக்ஸ்ரே படத்தோடு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

வாசகி, தண்டையார்பேட்டை: மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு மூன்று வாரமாகிறது. எலும்பு சீக்கிரம் கூட மின்காந்த சிகிச்சை எடுத்துக்கொள்ளலாமா?

தேவையில்லை. ஏறக்குறைய ஆறு வாரம் பொறுங்கள். அதுவரை விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருங்கள்.

வாசகர், வியாசர்பாடி: தொடையில் பிளேட் வைத்திருக்கிறார்கள். வலிக்குப் பத்து நாள் கரண்ட் வைக்கச் சொன்னார்கள். வைக்கும்போது உள்ளே சுடுகிறது. தொடரலாமா?

இன்றே நிறுத்திவிட்டு, எந்த இயந்திரம் என்று கேளுங்கள். 'கரண்ட் வைத்தார்கள்' என்று மட்டும் எழுதிவரும் கடிதங்கள் எனக்குப் பெரும் வேதனை தருகின்றன, ஏனெனில் ஐ.எஃப்.டி. (வலிக்கு வைக்கும் குறுக்கீட்டு மின்னோட்டம்), அல்ட்ராசவுண்ட் (ஒலி அலைச் சிகிச்சை), ஷார்ட் வேவ் டயாதெர்மி, துடிப்பு மின்காந்தப் புலம் ஆகிய வெவ்வேறு சிகிச்சைகள் அனைத்தையும் நம் மக்கள் அந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். டயாதெர்மி சுமார் 27 மெகாஹெர்ட்ஸ் அலையால் திசுவை ஆழத்தில் சூடேற்றுவது. உள்ளே உலோகம் இருந்தால் அதைச் சுற்றிலும் வெப்பம் குவிந்து தசை வெந்துவிடக்கூடும். எலும்பு கூடுவதற்கான துடிப்புப் புலமோ சூட்டை உணர்த்தாது. ஒரே பெயரில் அழைப்பதால் ஒன்றுக்குப் பாதுகாப்பானது மற்றதற்கும் பாதுகாப்பானது என்று நம்பிவிடுகிறீர்கள். துறைமுகத்தில் சுமை தூக்கும் ஒருவர், கால் எலும்புக்குள் ராடு இருப்பதைச் சொல்லாமல் எங்கோ டயாதெர்மி எடுத்துக்கொண்டு, ஆறாத புண்ணோடு என்னிடம் வந்தார். சர்க்கரை நோயால் கால் மரத்திருந்ததால் சூடே அவருக்குத் தெரியவில்லை. வைப்பவர்கள் கேட்கவில்லை என்பதும் குற்றமே. உடலில் பிளேட், ராடு, திருகு எது இருந்தாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள். இயந்திரத்தின் பெயரை ஓ.பி. சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வாசகர், திருவொற்றியூர்: அம்மாவுக்கு பேஸ்மேக்கர் உண்டு. மின்காந்தப் பாயில் படுக்க வைக்கலாமா?

கூடாது. கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

வாசகி, எண்ணூர்: காந்தக் காப்பு அணிந்தால் எலும்பு கூடுமா?

கூடாது. அசையாத காந்தத்தின் புலம் மாறுவதில்லை. எனவே அது எலும்பில் மின்னோட்டத்தைத் தூண்டுவதுமில்லை. அந்தப் பணத்துக்கு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

வாசகர், பெரம்பூர்: எலும்பு கூடுவதற்கான கருவியை நாளுக்கு எவ்வளவு நேரம் கட்டிக்கொள்ள வேண்டும்? இரண்டு வாரமாகியும் மாற்றமில்லை.

கருவியைப் பொறுத்து அரை மணி முதல் பத்து மணி நேரம் வரை. மொத்தத்தில் மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். இரண்டு வாரத்தில் எந்த எலும்பும் பதில் சொல்லாது. கருவியின் பெயரை நீங்களும் எழுதவில்லை. எழுதினால் நேரத்தைச் சரியாகச் சொல்கிறேன்.