பால்புதுமையினர், திருநர் துக்கச் சடங்குகளையும் கலைஞர் தன் சாவையே எதிர்கொள்வதையும் பேசும் படைப்புகளில் உங்களை உலுக்கியது எது?

கூவாகம் திருவிழாதான் முதலில் நினைவுக்கு வரும். அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் மறுநாள் அதை அறுத்து, வளையலை உடைத்து, மாரடித்து அழுகிறார்கள். அதைப் பற்றிப் பலரும் நிறைய எழுதிவிட்டார்கள். என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர் நியூயார்க் கலைஞர் டேவிட் வோய்னரோவிச்.

1987 நவம்பரில் புகைப்படக் கலைஞர் பீட்டர் ஹூஜார் எய்ட்ஸால் இறந்தார். டேவிட்டுக்கு அவர் ஒருகாலத்தில் காதலர்; பிறகு அப்பா, அண்ணன், குரு எல்லாமே. உயிர் பிரிந்ததும் அறையில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு டேவிட் கேமராவை எடுத்தார். வாயும் கண்ணும் பாதி திறந்த முகம், படுக்கையில் கிடக்கும் கை, பாதங்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள். கட்டிலருகே நிற்கிறவரின் கண் எங்கெங்கே போய் நிற்குமோ அங்கெல்லாம் அந்தக் கேமராவும் நின்றிருக்கிறது. எய்ட்ஸில் இறந்தவர் உடலைத் தொடவே மறுத்த ஈமச்சடங்கு நிலையங்கள் அன்று இருந்தன. கூடவே வாழ்ந்த காதலருக்கு அன்று சட்டப்படி எந்த உரிமையும் இருக்கவில்லை. பல வீடுகளில் சொந்தக்காரர்கள் உடலை எடுத்துப்போய், என்ன நோய் என்றே சொல்லாமல் அடக்கம் செய்தார்கள். கடைசியாக முகம் பார்க்க டேவிட் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை.

சில மாதங்களில் அவருக்கும் அதே நோய் என்று தெரிந்தது. 1988 அக்டோபரில், மருந்துகளுக்கு அனுமதி தர இழுத்தடித்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வாசலில் போராட்டம். அவருடைய ஜாக்கெட்டின் முதுகில், தான் எய்ட்ஸில் செத்தால் புதைக்க வேண்டாம், உடலை அந்த அலுவலகப் படியிலேயே போட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தது.

1991இல் நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் தன்னை மண்ணால் மூடிக்கொண்டு, தோழி மரியோன் செமாமாவைப் படமெடுக்கச் சொன்னார். கண் மூடிய முகம், சுற்றிலும் மண்கட்டிகள், லேசாகத் தெரியும் பல். உள்ளே போகிறாரா, மண்ணைப் பிளந்துகொண்டு வருகிறாரா? எத்தனை முறை பார்த்தும் எனக்குத் தீர்மானமாகச் சொல்ல வரவில்லை.

நம் ஊர் ஒப்பாரியில் செத்தவரை நினைத்து அழும் பெண்கள், அந்த அழுகையோடு அழுகையாக, சாகவிட்டவர்களையும் ஏசித் தீர்ப்பார்கள். டேவிட்டின் சாவிலும் அதுதான் நடந்தது. 1992 ஜூலை 22 அன்று, 37 வயதில் போனார். ஒரு வாரம் கழித்து நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் தெருக்களில் போன ஊர்வலத்தின் முன்னால் ஒரு பேனர்: அவர் பெயர், பிறந்த, இறந்த ஆண்டுகள், அரசின் அலட்சியத்தால் எய்ட்ஸில் இறந்தார் என்ற வரி. அந்த அக்டோபரில் ஆக்ட் அப் என்ற எய்ட்ஸ் போராட்ட அமைப்பினர் தங்கள் காதலர்கள், நண்பர்களின் அஸ்தியை வெள்ளை மாளிகையின் வேலிக்கு மேலாகப் புல்வெளியில் வீசினார்கள். செத்தவர்களை வாஷிங்டனுக்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று டேவிட் முன்பே எழுதியிருந்தார். 1996இல் அவருடைய அஸ்தியும் அதே புல்வெளிக்குப் போனது.

மண்ணில் புதைந்த முகத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் அழகான சோகப் படமாகத் தோன்றிவிடும். ஹூஜார் படங்களையும் ஜாக்கெட்டையும் பார்த்துவிட்டு அதற்கு வாருங்கள். அவர் எவ்வளவு கோபத்தோடு படுத்திருக்கிறார் என்று தெரியும்.