மூலிகைச் சாறும் கிருமிச் சோதனையும்: வாசகர் கேள்விகள்

மூலிகை சோப்பு, க்ரீம் செய்து விற்பவர்களும் நுண்ணுயிரியல் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

எம்.எஸ்சி. திட்டப்பணிக்காகக் குப்பைமேனி, வேப்பிலை இரண்டின் எத்தனால் சாற்றையும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா மீது சோதித்தேன். கிருமி வளராத வளையம் குப்பைமேனிக்கு 14 மி.மீ., வேம்புக்கு 9 மி.மீ. குப்பைமேனிக்கே வீரியம் அதிகம் என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். சாற்றில் உள்ள பொருள் அகாரில் (கிருமி வளர்க்கும் கூழில்) எவ்வளவு தூரம் ஊறிப் பரவுகிறது என்பதும் வளையத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. தண்ணீரில் கரையாத பொருள் எவ்வளவு வீரியமாக இருந்தாலும் சாறு ஊறிய சிறு காகித வட்டமான டிஸ்க்கை விட்டு அதிகம் நகராது. மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு இந்தச் சிக்கல் உண்டு. அதனால் வெவ்வேறு செடிகளின் வளையங்களை அளந்து எது பெரியது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ‘வளர்ச்சியைத் தடுத்தது’ என்று எழுதலாம். அதற்கும், தடுத்தது எத்தனால் அல்ல என்று காட்ட, வெறும் எத்தனால் விட்டு உலர்த்திய டிஸ்க் ஒன்று அதே தட்டில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்து எம்.ஐ.சி. பாருங்கள். 96 குழித் தட்டில் சாற்றைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்தக் குறைந்த அளவு வரை வளர்ச்சி நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை இது. இலைச் சாறு பச்சையாக இருப்பதால் கிருமி வளர்ந்த கலங்கல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ரெசாசுரின் சாயம் சேர்த்தால், கிருமி உயிரோடு இருக்கும் குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறிவிடும். ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வரும் சாறு மேற்கொண்டு ஆராயத் தகுந்தது என்று பலர் கொள்கிறார்கள். பல மில்லிகிராம் தேவைப்பட்டால் அதை நம்பி க்ரீம் செய்ய முடியாது. அவ்வளவு சாறு சேர்த்தால் நிறம், மணம், பதம் எல்லாம் கெட்டுவிடும்.

அப்புறம், செடியை அடையாளம் கண்டு உறுதி செய்தது யார்? கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் மாதிரியைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். கிருமியையும் சண்டிகரின் எம்.டி.சி.சி. சேமிப்பகம் போன்ற இடத்திலிருந்து எண்ணுடன் வாங்குங்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் வேறு எவரும் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

வீட்டில் வேம்பு–மஞ்சள் சோப்பு செய்கிறேன். லேபிளில் ‘99.9% கிருமிகளைக் கொல்லும்’ என்று போடலாமா?

வேண்டாம். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அது காரம் பட்டுக் குர்குமின் உருமாறுவதால்தான். காரத்திலேயே கிடந்தால் அது சிதைந்தும் போகும். காஸ்டிக் சோடா கலந்து செய்யும் சோப்பிலும் இதுவே நடக்கிறது. மேலும், சோதனைத் தட்டில் சாறும் கிருமியும் ஏறக்குறைய ஒரு நாள் சேர்ந்து இருக்கின்றன. கையில் சோப்பு அரை நிமிடம்கூட நிற்பதில்லை.

2016-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருள்கள் சேர்ந்த கிருமிநாசினி சோப்புகளைப் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தச் சொன்னது. சாதாரண சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட அவை கூடுதலாக என்ன செய்கின்றன என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை. உங்கள் சோப்பு அழுக்கோடு கிருமியையும் கழுவி வெளியேற்றும். அதைச் சொன்னாலே போதும். விற்பனைக்குச் செய்வதானால் 2020 அழகுசாதன விதிகளின்படி மாநில உரிமமும் தேவை.

பாரபென் என்ற செயற்கைப் பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கும் பொருள்) வேண்டாம் என்று கற்றாழை க்ரீமில் கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு சேர்க்கிறேன். கெடாமல் இருக்குமா?

இந்தக் கேள்விதான் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. 1999-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கடையில் விற்ற ஆறு கிரேப்ஃப்ரூட் விதைச் சாறுகளைச் சோதித்தார்கள். கிருமியைத் தடுத்த ஐந்திலும் பென்ஸெத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி இருந்தது. அது இல்லாத ஆறாவது சாறு கிருமியை ஒன்றும் செய்யவில்லை. அவர்களே விதையிலிருந்து எடுத்த சாறும் அப்படியே. ஆகவே உங்கள் புட்டியில் இருப்பது எது என்று முதலில் கேளுங்கள்.

எந்தச் சாறாக இருந்தாலும், தனியாகச் சோதித்த முடிவை க்ரீமுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். க்ரீமில் எண்ணெய், எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் எமல்சிஃபையர், கற்றாழையின் சர்க்கரை எல்லாம் இருக்கின்றன. சாற்றின் கிருமித்தடுப்புப் பொருள் எண்ணெய்க்குள் போய் ஒதுங்கிவிடும். கிருமியோ தண்ணீரில் வளரும். அதனால் ஐ.எஸ்.ஓ. 11930 என்ற சர்வதேசத் தர முறைப்படி சேலஞ்ச் டெஸ்ட் செய்யுங்கள். தயாரான க்ரீமில் ஸ்டெஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ், ஈ. கோலை ஆகிய பாக்டீரியாக்களையும் கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ் ஆகிய பூஞ்சைகளையும் தனித்தனியாக விட்டு 28 நாள் எண்ணிக்கை பார்ப்பார்கள். 7-ஆம் நாளுக்குள் பாக்டீரியா ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்து, பிறகு ஏறாமல் இருக்க வேண்டும். தண்ணீர் சேர்ந்த பொருளை இந்தச் சோதனை இல்லாமல் விற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சூடோமோனாஸ் வளர்ந்த க்ரீம் கண்ணருகே பட்டால் பார்வைக்கே ஆபத்து வரலாம். அனுமதிக்கப்பட்ட பிரிசர்வேட்டிவைச் சரியான அளவில் சேர்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொடுகு ஷாம்புவுக்கு வெட்பாலைச் சாறு சோதிக்கிறேன். சாதாரண அகாரில் பொடுகோடு தொடர்புடைய மலசீசியா பூஞ்சை வளரவே மாட்டேன் என்கிறது.

அதற்குக் கொழுப்பு வேண்டும். கொழுப்பு சேர்ந்த ‘மாற்றியமைத்த டிக்சன் அகார்’ பயன்படுத்துங்கள். ஒப்பீட்டுக்குக் கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை வையுங்கள்.

நலங்கு மாவுக்குப் பிரிசர்வேட்டிவ் தேவையா?

ஈரம் படாதவரை தேவையில்லை. ஆனால் வெயிலில் தரையில் காய்ந்த பூவிலும் கிழங்கிலும் மண்ணின் பாக்டீரியா வித்துகள் ஒட்டியிருக்கும்; அரைத்தாலும் அவை சாகாது. மூலப்பொருளை நன்றாகக் கழுவி, தரையைத் தொடாமல் உலர்த்தி, ஒவ்வொரு தொகுப்பிலும் மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை பாருங்கள். தண்ணீரில் குழைத்ததை அன்றே பயன்படுத்தச் சொல்லி லேபிளில் எழுதுங்கள்.